ஏழாம் பெட்டி

“ஏழாம் பெட்டியைக் கொஞ்சம் எடுத்துக் கொடும்மா” என்று அந்த அம்மாள் கேட்டதும் பென்சில் மேடம் சீவிக்கொண்டிருந்த பென்சிலின் முனை ஒடிந்தது.

கல்லூரி நூலகத்தின் மூன்றாம் மாடியில், பழைய காகிதங்களைக் காக்கும் பிரிவுக்கு அவர்தான் எல்லாம். பேனாவோடு யார் உள்ளே வந்தாலும் பிடுங்கிக்கொண்டு பென்சிலைக் கொடுப்பதால் வந்த பட்டப்பெயர் அது.

வந்த அம்மாளுக்கு எழுபது வயதுக்குக் குறையாது. நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

“லிஃப்ட் ஓடலை. மூணு மாடியும் படிதான். எங்க வீட்டுக்காரர் முப்பது வருஷம் வரலாறு சொல்லிக்கொடுத்த காலேஜ், இன்னும் அந்த லிஃப்டைச் சரி பண்ணின பாடில்லை!”

முப்பது வருஷம். அதுவும் வரலாறு. மேடம் மனதுக்குள் முடிச்சுப் போட்டுவிட்டார். போன வருஷம் காலமான தாடிப் பேராசிரியரின் மனைவி! பேராசிரியரின் காகிதங்களையெல்லாம் ஏழு பெட்டிகளில் கட்டி அனுப்பிவைத்தது வெளிநாட்டில் இருக்கும் மகன். மனைவியை மேடம் கண்ணால் கண்டதில்லை.

முதல் ஆறு பெட்டிகளில் வம்பில்லை. பாடக் குறிப்புகள், விடைத்தாள்கள், துறைத் தலைவரோடு போட்ட சண்டையின் நகல்கள். ஏழாவதில்தான் வினை. அறுபத்து நாலு கடிதங்கள், அத்தனையின் அடியிலும் ‘மைனா’ என்று வளைந்து நெளிந்த ஒரே கையெழுத்து. தேதி மட்டும் ஒன்றிலும் கிடையாது.

எண் போடுவதற்காகப் பிரித்தவர், ராத்திரிச் சமையலை மறந்து படித்தார். ‘மழை விட்டு ஒரு மணி நேரமாகிறது. நீங்கள் இன்னும் என் வீட்டெதிரே குடையும் கையுமாக நின்றால் தெரு என்ன நினைக்கும்?’ என்றது ஒன்று. ‘தாடியை எடுக்காவிட்டால் அடுத்த கடிதம் கிடையாது’ என்றது இன்னொன்று. தாடியும் போகவில்லை, கடிதமும் நிற்கவில்லை. கடைசிக் கடிதத்தை மூடும்போது மேடத்துக்கு மூக்கு அடைத்துக்கொண்டது.

போன வாரம் இணையத்தில் பட்டியலை ஏற்றும்போது, ‘ஏழு: தனிப்பட்ட கடிதங்கள்’ என்று தவறாமல் போட்டும் தொலைத்திருந்தார். இப்போது சம்சாரமே நேரில் வந்து உட்கார்ந்திருக்கிறார்!

“முதல்ல ஒண்ணாம் பெட்டியைப் பாருங்கம்மா. போட்டோவெல்லாம் அதுலதான் இருக்கு” என்று சமாளித்தார் மேடம். பேசிக்கொண்டே, ஸ்கேன் செய்வதற்காகக் கால்மாட்டில் வைத்திருந்த ஏழாம் பெட்டியை மேஜைக்கடியில் நைசாகத் தள்ளினார்.

முதல் போட்டோவிலேயே அந்த அம்மாள் பூரித்துப்போனார். ஒரே சைக்கிளில் இரண்டு இளம் வாத்தியார்கள். மிதிப்பவர் தாடி, பின்னால் தொற்றிக்கொண்டிருப்பவர் மழமழவென்று சவரம் செய்தவர்.

“ரெண்டும் எப்படி ஓணான் மாதிரி இருந்திருக்கு பாரு!” என்று சிரித்தவர், சட்டென்று சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். “நாலு மணிக்குள்ள நான் வீட்ல இருக்கணும்மா. தூங்கி எழுந்ததும் கண்ணாடியைக் காணோம்னு வீட்டையே ரெண்டு பண்ணிடுவார். பார்த்தா தலைமேலேயே இருக்கும்.”

மேடத்துக்கு மனசு இளகிவிட்டது. மனுஷர் போய் ஒரு வருஷமாகிறது, இந்த அம்மாள் இன்னும் அவர் இருப்பது போலவே பேசுகிறாரே! இப்பேர்ப்பட்டவர் கையில் எப்படி மைனாவைத் தூக்கிக் கொடுப்பது?

இருப்பதை இல்லையென்று ஒரு வாசகரிடமும் அவர் சொன்னதில்லை. பதினெட்டு வருஷத்து விரதம். அதை முறிக்கும்போது நாக்கு கொஞ்சம் தடுமாறியது.

“அந்த ஏழாம் பெட்டி... இப்ப இங்கே இல்லைங்கம்மா. பூச்சி அரிச்சிருக்குன்னு மருந்து போட அனுப்பிட்டோம்.”

“அடடா. எப்ப வரும்?”

“ஆறு மாசம் ஆகும். ஏன், ஒரு வருஷம்கூட ஆகலாம்.”

முகம் வாடப்போகிறது என்று பார்த்தால், அந்த அம்மாளின் முகத்தில் விளக்குப் போட்டதுபோல ஒரு வெளிச்சம். “ஒரு வருஷமா? யார் வந்து கேட்டாலும் இதையேதான் சொல்லுவியா?”

“யார் கேட்டாலும் இதுதாம்மா.”

வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட அந்த அம்மாள் பென்சிலை எடுத்தார். அது விரல் நழுவி மேஜைக்கடியில் உருண்டது. “இருங்க, நான் எடுக்கறேன்!” என்று மேடம் பாய்வதற்குள் அவரே குனிந்துவிட்டார்.

குனிந்தவர் நிமிர நேரமானது. பெட்டியின் முகப்பில் ‘7’ என்று கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்தது, ஒட்டியதும் மேடமேதான்.

“மன்னிச்சிடுங்கம்மா” என்றார் மேடம், அழாக்குறையாக. “பொய் சொல்லணும்னு இல்லை. இந்த வயசுல உங்க மனசு நோகக் கூடாதேன்னு...”

அந்த அம்மாள் கோபப்படவில்லை. வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, செருப்புக் காலால் பெட்டியைச் சுவரோரம் வரைக்கும் தள்ளினார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“நாளைக்குக் காலைல எங்க வீட்டுக்காரர் இங்கே வர்றார். செத்துப்போன சிநேகிதனைப் பத்திப் புத்தகம் எழுதப்போறாராம், ஏழு பெட்டியையும் பார்த்தாகணும்னு ஒத்தைக்கால்ல நிக்கறார்.”

மேடம் சைக்கிள் போட்டோவை எடுத்து, பின்னால் தொற்றிக்கொண்டிருந்த மழமழ முகத்தை இன்னொரு தரம் பார்த்தார்.

“அவருக்கு என் கையெழுத்து நல்லாத் தெரியும்மா!”