பதினாறு டிகிரி

சைக்ளமன் குளிர்தேசத்துப் பூ, இருட்டில்தான் அதன் விதை முளைக்கும் என்று என் கணவர் படுக்கையறை ஜன்னல்களில் கறுப்புத் தாளை ஒட்டி, ஏசியைப் பதினாறில் வைத்தார். தொட்டியைப் பார்த்துக்கொள்வது என் வேலை. சித்திரை மாதத்தில் நான் ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருந்தேன்.

"ஏங்க, கொஞ்ச நேரம் வெளிய போயிட்டு வரட்டுமா?"

"சும்மா சும்மா கதவைத் திறந்தா வெளிச்சம் வந்துரும், பூரணி. முளைக்கட்டும், அப்புறம் போலாம்."

நாற்பதாம் நாள் அவர் டார்ச் அடித்துப் பார்த்தார். நகத்தளவு இலையோடு ஒன்று முளைத்திருந்தது. அதன் தண்டு, கதவுக்கு அடியில் கசிந்த வெளிச்சத்தை நோக்கிச் சாய்ந்திருந்தது.

"முளைச்சிருச்சே, இப்ப போலாமா?"

அவர் குனிந்து, இலை சுவரைப் பார்க்கும்படி தொட்டியைத் திருப்பி வைத்தார். நிமிர்ந்தவரின் கண்ணில், கதவைப் பார்த்தே கிடந்த என் நாற்காலி பட்டது.