ஜெபராணி பிடித்த ஓட்டு

ஆயுள் சந்தா கட்டிய டாக்டர்களுக்கு, ஆயுள் முடிந்த பிறகும் மருத்துவர் சங்கத்தில் ஓட்டு உண்டு. அவர்களுடைய குரலையும் நினைவையும் சங்கம் பத்திரமாக வைத்திருந்தது. தேர்தலில் நிற்கிறவர்கள் மட்டும் அவர்களிடம் ஓட்டுக் கேட்கலாம். போனில், ஆளுக்கு மூன்று நிமிடம்.

அதற்காகவே டாக்டர் செல்வின் வருஷம் தவறாமல் தலைவர் தேர்வுக் குழுவுக்கு நின்றார். செத்துப்போன மனைவி டாக்டர் ஜெபராணியிடம் மட்டும் பேசுவார். அவள் போடும் ஒற்றை ஓட்டோடு தோற்று, நிம்மதியாக அடுத்த வருஷ மனுவை எழுத உட்காருவார்.

இந்த வருஷம், தான் தேங்காய்ப்பால் சொதி வைக்கப் பழகிய கதையை அவளிடம் இரண்டரை நிமிடம் சொன்னார்.

"சொதி கெடக்கட்டும். நாலு வருஷமா ஒத்த ஓட்டு! எனக்கே மானம் போகுது. அதான் இங்க உள்ள டாக்டருங்க எல்லார்ட்டயும் நானே பேசிட்டேன். முந்நூறு ஓட்டும் உங்களுக்குத்தான்."

"ஐயோ ஜெபா, வேண்டாம்! நான் தோக்கணும்..."

நேரம் முடிந்துவிட்டது.

செல்வின் அமோகமாக ஜெயித்தார். சங்கச் செயலாளர் மாலை போட்டார்.

"அடுத்த வருஷமும் நிக்கலாமா?" என்று கேட்டார் செல்வின்.

"ஜெயிச்சவங்க மறுபடி நிக்கக்கூடாதே சார்."

"ஓட்டுப் போட்டவங்களுக்கு நன்றி சொல்லணும். ஒரே ஒரு போன்."

"அது ஓட்டுக் கேக்குறவங்களுக்கு மட்டும் சார். உங்களுக்கு இனி என்ன கவலை?" என்று செயலாளர் அவர் வாயில் லட்டைத் திணித்தார்.

போட்டோவுக்குச் சிரிக்கச் சொன்னார்கள். முன்கூட்டியே எழுதி வைத்திருந்த அடுத்த வருஷ மனு சட்டைப்பையில் மடங்கிக் கிடந்தது. அதன்மேல் கையை வைத்துக்கொண்டு செல்வின் லட்டை மென்றார்.