மூன்று எழுத்துப் போட்டி

முதலாளி கோதண்டபாணிக்கு நான் நூற்று எண்பத்தைந்து ரூபாய் கடன்.

ஏ, ஆர், டி மூன்றும் வருகிற இங்கிலீஷ் வார்த்தைகளை அதிகம் எழுதுபவருக்குப் பட்டுச்சேலை என்று ஒரு சோப்புக் கம்பெனி போட்டி வைத்தது. சேலையை விற்றால் கடன் தீரும்.

"நாப்பது வயசுல எழுத்து கத்துக்கினு, உனக்கு இங்கிலீஷா? தறியைப் பாருப்பா தர்மா!" என்று முதலாளி சிரித்தார்.

அர்த்தம் எனக்கு எதற்கு? தறியில் நீளவாட்டில் ஓடும் பாவில் அறுந்த இழை தேடுவதுபோல் அகராதியில் பக்கம் பக்கமாகத் தேடினேன். முதல் பரிசு வந்தது.

பார்சலைப் பிரித்தேன். கரையில் ஜரிகை தப்பிய என் நெசவு. விலைபோகாது என்று சொல்லி, முழு விலையையும் முதலாளி என் தலையில் கடனாகக் கட்டிய அதே சேலை.

தொடவே அருவருப்பாக இருந்தது. அவர் முன்னால் வீசினேன். "எவனும் வாங்க மாட்டான்னீங்களே?"

அவர் அசரவில்லை. "சரிப்பா, வெச்சிட்டுப் போ. கடன் தீந்துச்சி" என்று மடித்துப் பீரோவில் வைத்தார்.

இன்னொரு கம்பெனியும் அவரிடம் பரிசுக்குச் சேலை கேட்டிருக்கிறதாம்.