தவளை கொடுத்த மருந்து

பூதக்கோட்டை என்கிற வீடியோ கேமை முள்ளம்பன்றி எப்போதும் தனியாகத்தான் ஆடும். கூட்டுச் சேர்ந்தால் வேகம் குறைந்துவிடும் என்பது அதன் எண்ணம். தோற்றாலும் கவலைப்படாது, உடனே முதலிலிருந்து தொடங்கிவிடும்.

ஒருநாள் தவளை வந்து, "நானும் சேர்ந்து ஆடட்டுமா? வைத்தியன் வேடம் எனக்கு," என்று கேட்டது. முள்ளம்பன்றி அரைமனதாகச் சேர்த்துக்கொண்டது. விளையாட்டில் எதிர்ப்பட்ட ஊராரிடமெல்லாம் தவளை நின்று நலம் விசாரித்தது.

"நாம் சண்டைக்குப் போகிறோமா, கல்யாணத்துக்கா?" என்று சிடுசிடுத்தது முள்ளம்பன்றி.

கோட்டைக்குள் பூதம் இருவரையும் அடித்துப் போட்டது. மிச்சமிருந்தது ஒரே ஒரு மருந்து. தவளை அதை முள்ளம்பன்றியின் வீரனுக்குக் கொடுத்துவிட்டது. அதன் வைத்தியன் சுருண்டு விழுந்து மறைந்தான்.

"ஏன் இப்படிச் செய்தாய்? இனி உன்னால் ஆட முடியாதே!" என்றது முள்ளம்பன்றி.

"அதனாலென்ன? நீ ஆடு, நான் பார்க்கிறேன்."

தோற்றாலும் கவலைப்படாமல் ஆடிய முள்ளம்பன்றி, இப்போது ஒவ்வொரு அடிக்கும் யோசித்து யோசித்து ஆடியது. வாள்வீச்சு தவறியது, பூதம் வீரனையும் விழுங்கிவிட்டது.

"உன் மருந்தை வீணாக்கிவிட்டேன்," என்று முள்ளம்பன்றி தலைகுனிந்தது.

"பாவம், பூதத்துக்கு நல்ல பசி போலிருக்கிறது," என்றது தவளை. "மறுபடி போவோமா?"

முள்ளம்பன்றி தன் முட்களை மடக்கிக்கொண்டு, தவளையின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தது.