கூரைக்குக் கீழே குடை

“ஏம்மா, கூரைக்குக் கீழே மழையா கொட்டுது? குடையை மடக்கும்மா!”

இந்த ஓவியக் கூடத்துக்கு மாற்றலாகி வந்த பத்தொன்பது நாளாக மீசைக் காவலர் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். எதிர்ச் சந்து ஜெராக்ஸ் கடைக்கார அம்மாள் அசைந்தால்தானே? ஊசியில் நூல் கோக்கும் ஒரு கிழவரின் படத்துக்கு முன்னால், கறுப்புக் குடையை உயர்த்திப் பிடித்தபடி நின்றாள்.

“கால் மணி நேரம் பொறுங்கண்ணே. போயிடறேன்.”

“படத்தை மறைச்சா, வர்றவங்க எதைப் பார்ப்பாங்க?”

“என்னைப் பார்க்கட்டும்.”

பார்க்கத்தான் செய்தார்கள். நவீன ஓவியக் கண்காட்சி அல்லவா? கல்லூரிப் பெண் ஒருத்தி அவளைச் சுற்றி நடந்து, “இதுக்குத் தலைப்பு என்ன சார்?” என்று காவலரைக் கேட்டாள். ஒரு பெரியவர் கைதட்டியே விட்டார்.

காவலருக்குத்தான் வேலையைப் பற்றிய கவலை. கூடத்தில் ஏற்கெனவே அரை இருட்டு. காகிதப் படங்கள் வெளுத்துவிடும் என்று அதிகாரி பாதி விளக்குகளைக் கழற்றச் சொல்லியிருந்தார். அந்த இருட்டிலும் நேற்று குடை அதிகாரியின் கண்ணில் பட்டுவிட்டது.

“நாளைக்கு இங்கே ஒரு குடை விரிஞ்சாலும் நீ வீட்டுக்குப் போகலாம்யா. ஒரேயடியா!” என்று காவலரிடம் கத்தியிருந்தார்.

ஓய்வுக்கு இன்னும் எட்டே மாதம். யாரோ ஒருத்தியின் குடைக்காக அதை இழப்பதா?

“அந்தக் கிழவர் உனக்கு என்னம்மா, சொந்தமா?”

“இல்லண்ணே. இன்னும் நூலே கோக்கலையே, பாவம். கோத்து முடிக்கட்டும்.”

பைத்தியம் முற்றிப் போச்சு என்று முடிவுகட்டினார் காவலர். குடையைப் பிடுங்கி மடக்கினார்.

“சரி, போறேன். என் இடத்துல நீங்களாவது நில்லுங்க. உங்க கருத்துப் புத்தகத்துல ஆறு தடவை எழுதிட்டேன். யார் படிக்கிறாங்க?”

“அதுல பாராட்டு மட்டும்தாம்மா எழுதணும்.”

அவளை வாசல்வரை கொண்டுபோய் விட்டார். பாரம் இறங்கிய நிம்மதியில், பிடுங்கிய குடையோடு திரும்பி வந்தார்.

கிழவரின் நெற்றியில் வெயில் விழுந்திருந்தது.

அண்ணாந்து பார்த்தார். கூரைக் கண்ணாடிக்கு அடியில் கட்டிய திரைத்துணி ஒரு முழத்துக்குக் கிழிந்து தொங்கியது. அதன் வழியே இறங்கிய வெயில் சுவரில் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. எங்கிருந்து நகர்ந்து வந்தது?

பக்கத்துச் சட்டத்தைப் பார்த்தார். உள்ளே வெறும் வெள்ளைத் தாள். கீழே அட்டையில் எழுதியிருந்தது: ‘பேருந்துக்குக் காத்திருக்கும் நாற்பது பேர். காகிதத்தில் ஸ்கெட்ச் பேனா.’

அதன் முன்னால்தான் அதிகாரி விருந்தினர்கள் புடைசூழ மெய்மறந்து நின்றார்.

“கவனிச்சீங்களா? நாற்பதுல ஒருத்தரைக்கூட வரையல! என்ன துணிச்சல்! இதையெல்லாம் பார்க்கத் தனிக் கண் வேணும்.”

“ஆஹா!” என்றார்கள் விருந்தினர்கள்.

வெயில் கிழவரின் மூக்குக்கு இறங்கியிருந்தது. இன்னும் நாலு விரற்கடை இறங்கினால் ஊசி.

காவலர் அதிகாரியை ஒருமுறை பார்த்தார். பிறகு, படக்கென்று குடையை விரித்தார்.