நீலத்தில் விழுந்த புள்ளி

"நீங்கள் சேர வேண்டிய இடம் வந்துவிட்டது" என்றது காரிலிருந்த வழிகாட்டிக் கருவி.

அவள் பிரேக்கை மிதித்தாள்.

எதிரே தண்ணீர்.

தார்ச்சாலை படகுத்துறையோடு முடிந்திருந்தது. அதற்கப்பால் அலையாத்திக் காடு. காட்டுக்கப்பால் கடல். காற்று காரைப் பிடித்து ஆட்டியது.

திரையைப் பெரிதாக்கிப் பார்த்தாள். கார் நின்ற இடத்திலிருந்து ஒரு கோடு விட்டுவிட்டுக் காட்டைத் தாண்டிப் போனது. அது போய் முடிந்த இடம் நீலமாக இருந்தது.

சுற்றிலும் நீலம்.

பக்கத்து இருக்கையில் ஓரகத்தி செண்பகம். அவள் திரையைப் பார்க்கவில்லை. மடியிலிருந்த பிளாஸ்க்கின் மூடியைத் திருகித் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள்.

இவர்களின் கணவன்மார் அண்ணனும் தம்பியுமாகக் கடலுக்குப் போனவர்கள்; அண்ணன் செண்பகத்தின் கணவர். இன்ஜின் நின்று, படகு போன போக்கில் போயிருக்கிறது. மத்தியானம் தம்பியிடமிருந்து, அவள் கணவனிடமிருந்து, போன் வந்தது.

"படகு கரை தட்டிடுச்சு. ஆள் இல்லாத கரை, என்ன ஊருன்னு தெரியல. நம்பர் சொல்றேன், எழுதிக்க."

கடலில் போகிறவர்கள் இடத்தை எண்ணால்தான், அட்சரேகை தீர்க்கரேகையாகத்தான் சொல்வார்கள். பத்து, முப்பது. எழுபத்தொன்பது, ஐம்பத்தொன்று. இடது உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டாள். படித்துக் காட்டினாள். சரி என்றான். தன் காதை அவள் ஒருபோதும் முதல் தடவையில் நம்பியதில்லை. இன்னொரு முறை படித்தாள்.

"சரிதான்டி. அண்ணனுக்கு..."

போன் அணைந்துவிட்டது.

இரண்டாம் முறை படிக்காமல் இருந்திருந்தால் அந்த வாக்கியம் முடிந்திருக்கும்.

ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். ஊர்ப் பெயர் கேட்டார்கள். போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றாள். செண்பகத்திடம், "ரெண்டு பேரும் கரையிலதான் இருக்காங்களாம்க்கா" என்றாள். பாதியில் அறுந்த சொல்லை மட்டும் சொல்லவில்லை.

இப்போது உள்ளங்கையை விரித்தாள். வியர்வையில் மை கசிந்திருந்தது. எண்கள் தெரிந்தன. திரையிலும் அதே எண்கள். 10.30. 79.51. விரலை வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள்.

எல்லாம் சரி.

எல்லாம் சரியென்றால் அவர்கள் நீலத்தில் இருக்கிறார்கள்.

அலை படகை மறுபடி இழுத்துக்கொண்டு போயிருக்குமோ. இல்லை, கரையே இல்லையோ. அவள் பயப்படக் கூடாதென்று கரை என்று சொல்லியிருப்பானோ.

அவள் செண்பகத்திடம் சொன்னது போல.



கல்யாணமான புதிதில் படகிலிருந்த கருவியைக் கணவன் அவளுக்குக் காட்டியிருக்கிறான். எண்கள் ஓடிக்கொண்டே போய், ஐம்பத்தொன்பதுக்குப் பிறகு சுழியத்துக்குத் திரும்பின. ஏன் என்று கேட்டாள். "கடல்ல அறுபதே கிடையாது" என்று சிரித்தான். வலையைத் தைத்துக்கொண்டிருந்த அவன் அண்ணன் தலை நிமிராமலே சொன்னார்: "எல்லாத்துக்கும் ஏன் ஏன்னு கேக்குது. இதைக் கட்டிக்கிட்டு நீ கரை சேர்ந்த மாதிரிதான்டா."

அறுபது கிடையாது.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

படகுக் கருவி சொன்னது பத்து பாகை, முப்பது நிமிடம். அறுபது நிமிடம் சேர்ந்தால் ஒரு பாகை. முப்பது என்றால் பாதி. காரின் கருவிக்கு நிமிடமென்று ஒன்று இருப்பது தெரியாது. புள்ளிக்குப் பின்னால் முப்பது போட்டால், அதை நூறில் முப்பது என்று எடுத்துக்கொள்ளும்.

பாதி என்றால் புள்ளி ஐந்து.

போனில் ஐம்பத்தொன்றை அறுபதால் வகுத்தாள். புள்ளி எண்பத்தைந்து. இரண்டு தடவை தப்பாக அழுத்தினாள்.

10.50. 79.85.

புள்ளி திரையை விட்டே போய்விட்டது. தேடிப் பிடித்தாள். கிழக்குக் கடற்கரை. நீலத்தின் விளிம்பில், மணலில் நின்றது. பக்கத்தில் ஒரு ஊரின் பெயரும் இருந்தது.

அந்தப் பெயரை ஆம்புலன்ஸுக்குச் சொன்னாள். காரைத் திருப்பினாள். இவ்வளவு தூரமும் தப்பான திசையில் வந்திருந்தார்கள்.

வெகுதூரம் போன பிறகு செண்பகம் கேட்டாள்.

"போன்ல அவரு கொரல் கேட்டுச்சா, தங்கச்சி?"

சாலையையே பார்த்தபடி, "இல்லக்கா" என்றாள்.

பிளாஸ்க் மூடியின் சத்தம் நின்றுவிட்டது.

கிழக்கே போகப் போகக் காற்று தணிந்தது. சவுக்குத் தோப்புக்குள் நுழையும்போது சுத்தமாக ஓய்ந்திருந்தது. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஆம்புலன்ஸ் இன்னும் வந்திருக்கவில்லை. தோப்பு முடிந்ததும் சக்கரங்கள் மணலில் புதைந்தன.

தூரத்தில் படகு ஒருக்களித்துக் கிடந்தது. ஒருவன் நின்று சட்டையைச் சுழற்றிக்கொண்டிருந்தான்.

ஒருவன்தான். நிற்கிற விதத்திலேயே தெரிந்தது, அவள் கணவன்.

அவள் இறங்கினாள். திரும்பிப் பார்த்தாள். செண்பகம் கார்க் கதவைப் பிடித்தபடி நின்றாள். அவள் பார்வை படகின் நிழலில் இருந்தது.

அங்கே ஆள் நீளத்துக்கு ஒரு தார்ப்பாய் மூடிக் கிடந்தது.

நீலத் தார்ப்பாய்.

அதன் ஓரம் மெல்ல எழும்பியது. அடங்கியது.

செண்பகம் தலையைத் தூக்கிச் சவுக்கு மரங்களைப் பார்த்தாள். நுனிவரை பார்த்தாள். ஒன்றும் அசையவில்லை. காற்றே இல்லை.

குனிந்து, இருக்கையிலிருந்த பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டாள்.