திரையோரத்து ஊக்கு

கட்டிலின் நடுவில் அவள் கை கிடந்தது. உள்ளங்கை மேலே பார்த்தபடி.

அவன் தொட வேண்டும். விரல் நுனியிலிருந்து முழங்கை வரை.

அதற்கு மேல் போகக் கூடாது. டாக்டர் ஷெரின் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார். ஆசை வந்தாலும் கூடாது.

வந்தால்தானே, என்று நினைத்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பையன் காலேஜ் ஹாஸ்டலில் இருந்தான். காலிங் பெல்லின் சுவிட்சை அணைத்தாயிற்று. கறிக்குழம்பு வாசம் மட்டும் இன்னும் வீட்டை விட்டுப் போகவில்லை.

அவள் மணிக்கட்டைத் தொட்டான், நாடி பார்ப்பவனைப் போல.

அவள் மின்விசிறியைப் பார்த்தாள். அதில் ஒட்டடை இருந்தது. அதைத்தான் பார்க்கிறாள் என்று அவனுக்குத் தெரியும்.

ஊர் திண்டுக்கல். புருஷன் பெண்டாட்டி சிக்கலுக்கு ஆலோசனை சொல்கிற இந்த டாக்டர் திருச்சியில். உள்ளூரில் இதற்கெல்லாம் ஒருவரைப் பார்க்கப் போனால் சாயங்காலத்துக்குள் சொந்தபந்தம் முழுக்கத் தெரிந்துவிடும். அதனால் கேட்டவர்களுக்கெல்லாம் சமயபுரம் கோயில். திரும்பி வந்ததும் மறக்காமல் அக்கம்பக்கத்தில் குங்குமம் கொடுப்பார்கள்.

முதல் நாள் டாக்டர் கேட்டார். யார் முதலில் நிறுத்தியது?

இவள்தான், என்றான்.

இவர்தான், என்றாள்.

இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை.

போன வாரம் பஸ்ஸில் வரும்போது அவள் முடிவைச் சொல்லிவிட்டாள். இந்த ஞாயிற்றுக்கிழமையோடு சரி. இனி திருச்சிக்கு வரப்போவதில்லை. பையன் அறையில் படுத்துக்கொள்ளப் போகிறாள். கோபமே இல்லை. பால்காரரை மாற்றுவதைப் போலச் சொன்னாள்.

அவள் தலையணை காலையிலேயே அந்த அறைக்குப் போய்விட்டது. இந்தக் கட்டிலில் இப்போது ஒன்றுதான்.

அவனுக்குப் பயமாக இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

விரல் மேலே ஏறியது. வளையலைத் தாண்டிப் போனது. முழங்கைக்குச் சற்றுக் கீழே ஒரு தழும்பு தட்டுப்பட்டது. குக்கர் சுட்டதாக இருக்கும். எப்போது என்று தெரியவில்லை. கேட்டிருக்கலாம்.

டாக்டர் கொடுத்த இந்தப் பயிற்சியில் இன்னொரு பாதி உண்டு. இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆளுக்கு ஒன்று.

போன முறை அவள் அவனுடைய குறட்டையைச் சொன்னாள். அவன் அவளுடைய தாய்மாமா வீட்டுக் கல்யாணத்தில் சாப்பாடு சரியில்லை என்றான். அதைக் கேட்டதும் டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

இந்த முறை தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"நீதான ஊக்கைக் கழட்டுறத விட்டுட்ட."

அவள் மின்விசிறியை விட்டுத் திரும்பினாள்.

"எந்த ஊக்கு?"

அவன் சொன்னான். சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

கல்யாணமான புதிதில் அவள் தாலிச் செயினில் இரண்டு மூன்று ஊக்கு எப்போதும் தொங்கும். அவசரத்துக்குப் புடவையில் குத்திக்கொள்ள எல்லாரும் மாட்டி வைப்பதுதான். ஒரு நாள் அது அவன் நெஞ்சில் குத்திவிட்டது. அதன் பிறகு சில ராத்திரிகளில் அவளே அவற்றைக் கழற்றி, தொலைந்துபோகாமலிருக்க ஜன்னல் திரையோரத்தில் குத்தி வைப்பாள். சில ராத்திரிகளில் கழற்ற மாட்டாள்.

திரையில் ஊக்கு இருந்தால் அவன் விளக்கை அணைப்பான். இல்லாவிட்டால் திரும்பிப் படுத்துக்கொள்வான்.

அவளுக்கு அது குத்தாமலிருக்க. அவனுக்கு அது சம்மதம்.

ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு திரையில் ஊக்கு வரவில்லை. மறுநாளும் இல்லை. அவன் வற்புறுத்துகிற ஆள் இல்லை. காத்திருந்தான். வருஷக்கணக்கில், தினமும் படுக்கும்முன் திரையை ஒரு பார்வை பார்த்துவிட்டு.

அவள் எழுந்து உட்கார்ந்தாள். சிரிக்கப்போகிறாள் என்று நினைத்தான்.

"நான் சுடிதாருக்கு மாறிட்டேங்க."

அவனுக்கு உடனே புரியவில்லை.

பையன் எட்டாவது படிக்கும்போது அவள் ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொண்டாள். அதற்குப் புடவை சரிப்படவில்லை. சுடிதார் போட்டதும் செயின் உள்ளே போய்விட்டது. ஊக்கு அவளையே குத்தியது. எல்லாவற்றையும் எடுத்துத் தையல் டப்பாவில் போட்டுவிட்டாள். அதன் பிறகு கழற்ற எதுவும் இல்லை.

அவளும் சும்மா இருக்கவில்லை. தினமும் திரும்பிப் படுத்துக்கொள்ளும் முதுகைப் பார்த்து என்னென்னவோ நினைத்தாள். சுடிதார் பிடிக்கவில்லை போல. உடம்பு பெருத்துவிட்டது போல. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறாள். இதை இப்போதுதான் சொன்னாள். அவள் பங்குக்கு ஒன்று.

அவனுக்கு ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

போனில் வைத்திருந்த அலாரம் அடித்தது. பயிற்சி நேரம் முடிந்தது.

அவன் கையை எடுத்துக்கொண்டான்.

அவள் இறங்கி நடந்தாள். பையன் அறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அவன் அந்த ஒற்றைத் தலையணையைப் பார்த்தான். அவ்வளவுதான் என்று நினைத்தான்.

அங்கே அலமாரி திறந்தது. ஏதோ ஒரு டப்பா உருண்டது.

திரும்பி வந்தபோது அக்குளில் தலையணை இருந்தது. விரல்களுக்கு நடுவில் ஓர் ஊக்கு.

தலையணையைக் கட்டிலில் போட்டாள். சுடிதாருக்குள்ளிருந்து செயினை வெளியே இழுத்தாள். ஊக்கை அதில் மாட்டினாள். அவன் பார்க்கிறானா என்று பார்த்தாள்.

பிறகு அதைக் கழற்றினாள்.

ஜன்னல் பக்கம் போய்த் திரையோரத்தில் குத்தி வைத்தாள்.

அறை முழுக்க மத்தியான வெயில். அணைப்பதற்கு விளக்கு எதுவும் எரியவில்லை.

அவன் எழுந்து போய்த் திரையை இழுத்து மூடினான்.